பிங்க் ஃபிளாய்டின் 15 ஸ்டூடியோ ஆல்பங்களையும் லாஸ்லெஸில் வரிசையாகக் கேட்டு முடித்தேன்

#1 நாடாச்சுருள்

1967-இல் வந்த 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' தொடங்கி 2014-இன் 'தி எண்ட்லெஸ் ரிவர்' வரை, பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 15 ஸ்டூடியோ ஆல்பங்களையும் வந்த வரிசையிலேயே லாஸ்லெஸில் (ஒலியில் எதையும் இழக்காத கோப்பு வடிவில்) கேட்டு முடித்தேன். ஒரு நாளைக்கு ஒன்று. இரவு வீடு அடங்கியபின், ஹெட்ஃபோனில், நடுவில் நிறுத்தாமல். எல்லாம் என்னிடம் உள்ள சிடிகளிலிருந்து நானே ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் வடிவில் எடுத்தவை. இருபது வருடமாக இதே பாடல்களை எம்பி3-யில் கேட்டு மனப்பாடம் ஆக்கியவன் நான். அதனால் என்ன மாறியது என்று சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

இதுவரை காதில் விழாத ஓசைகள் எல்லாம் விழும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அப்படி விழுந்தவை சொற்பம். என்னை உலுக்கியது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருக்கும் ஒட்டு.

'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'ஆன் தி ரன்' வெடித்து முடிகிறது, ஓடும் காலடி தேய்கிறது, அந்தத் தேய்வுக்குள்ளேயே கடிகாரங்கள் டிக்டிக்கென்று தொடங்கி 'டைம்' வந்துவிடுகிறது. என் பழைய எம்பி3-யில் அந்த இடத்தில் எப்போதும் ஒரு சின்னத் தடுக்கல் இருக்கும். அது பாட்டிலேயே இருப்பது என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்! 'பிரெய்ன் டேமேஜ்' முடிந்து 'எக்லிப்ஸ்' எழும் இடத்தில் இன்னும் மோசம். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு மாறுகிறது. அங்கே இம்மி அளவு மௌனம் நுழைந்தாலும் நடை அறுந்துவிடும், தறியில் ஓடுகிற நூல் அறுந்த மாதிரி. ஃப்ளாக்கில் அந்த இரண்டும் ஒரே மூச்சாகப் போனபோது கண்ணை மூடியபடி சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

'விஷ் யூ வேர் ஹியர்' (1975) ஆல்பத்திலும் அப்படித்தான். 'ஹாவ் எ சிகார்' உச்சத்தில் இருக்கும்போதே மொத்த இசைக்குழுவும் ஒரு சின்ன ரேடியோவுக்குள் உறிஞ்சப்பட்டதுபோலச் சுருங்கிப்போகிறது. ரேடியோ முள் திரும்புகிறது, பேச்சுக்குரல், சாய்க்காவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி ஒரு கணம், அப்புறம் மெலிந்த ஓசையில் பன்னிரண்டு தந்தி கிட்டார். அதன் மேலே, நம் பக்கத்திலேயே யாரோ உட்கார்ந்து வாசிப்பதுபோல் இன்னொரு கிட்டார் சேர்கிறது. இங்கே ஒட்டு விட்டுப்போனால் அந்த மாயம் நடக்கவே நடக்காது.

'தி வால்' (1979) இன்னும் ஒரு படி மேலே. ஆல்பத்தின் கடைசி நொடிகளில் ஒரு குரல் ஒரு கேள்வியைத் தொடங்கிப் பாதியில் விடுகிறது. மீதிப் பாதி ஆல்பத்தின் முதல் நொடியில் இருக்கிறது. இடைவெளியில்லாமல் ஓடும் பிளேயரில் ஆல்பத்தையே திரும்ப ஓடவிட்டால் அந்த வாக்கியம் மூடிக்கொண்டு வட்டமாகிறது.

இந்த இசைக்குழு ஆல்பத்தைத் துண்டு போடக் கூடாது என்று நீதிமன்றம் வரைக்கும் போனது. 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம், ஒப்பந்தப்படி இஎம்ஐ என்ற இசை வெளியீட்டு நிறுவனம் ஆல்பங்களைப் பிரித்துத் தனித்தனிப் பாட்டாக இணையத்தில் விற்கக் கூடாது என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. (2011 ஜனவரியில் புது ஒப்பந்தம் போட்டுத் தனிப்பாட்டு விற்பனையை அவர்களே அனுமதித்தார்கள்.) அந்த வழக்குச் செய்தியைப் படித்தபோது, இது ஏதோ பணத் தகராறு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். குறிப்பாக எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

#2 மூன்றாம்வரிசை

அருமையான பதிவு. ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் சொல்வது எல்லாம் இடைவெளி பற்றியது. ஒலியின் தரம்? 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3-க்கும் ஃப்ளாக்குக்கும் காதுக்கு வித்தியாசம் உண்டா இல்லையா? அதற்கு நேரடியாக ஒரு பதில் வேண்டும்.

#3 கணக்குப்பிள்ளை

முதலில் அந்த இடைவெளி ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரியாது.

எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளிகள்) கொண்ட சட்டங்களாக வெட்டித்தான் சேமிக்கும். பாட்டின் நீளம் அதன் மடங்காக இருக்காது. கடைசிச் சட்டத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் மௌனத்தைப் போட்டு நிரப்பும். தொடக்கத்திலும் மௌனம் சேரும்: எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடர் 576 சாம்பிள், அதை ஓடவிடும் டிகோடர் 529 சாம்பிள். இரண்டு முனையையும் கூட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு வரை ஓசையில்லாத இடம். தனித்தனிப் பாட்டுள்ள ஆல்பத்தில் யாருக்கும் தெரியாது. ஓடுகிற தாளத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

லேம் இந்தக் கணக்கைக் கோப்பின் தலைப்பகுதியில் குறித்து வைக்கிறது. அதைப் படித்து அந்த மௌனத்தை வெட்டிவிடும் பிளேயராக இருந்தால் எம்பி3-யும் ஒட்டாக ஓடும். ஆக, நாடாச்சுருள் கேட்ட தடுக்கலுக்கு எம்பி3 வடிவம் பாதிக் காரணம், பழைய பிளேயர் மீதிக் காரணம். ஃப்ளாக்கில் இந்தச் சிக்கலே கிடையாது. எத்தனை சாம்பிள் உள்ளே போனதோ அத்தனையே வெளியே வரும்.

மூன்றாம்வரிசை கேட்டதற்கு வருகிறேன். இதில் என் பதிலோ உங்கள் பதிலோ செல்லாது, குருட்டுச் சோதனை ஒன்றுதான் செல்லும். ஃபூபார்2000 என்ற கணினி பிளேயரில் ஏபிஎக்ஸ் என்று ஒரு துணைநிரல் இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு கோப்புகளைக் கொடுத்தால், எது எது என்று மறைத்து ஓடவிடும். நாம் கண்டுபிடிக்க வேண்டும். 16 தடவை செய்யுங்கள். சும்மா ஊகித்தாலே 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பொருட்படுத்தலாம், ஏனென்றால் குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே.

முக்கியமான நிபந்தனை: எம்பி3-யை அதே ஃப்ளாக்கிலிருந்து நீங்களே உருவாக்க வேண்டும். எங்கிருந்தோ கிடைத்த எம்பி3-யை வைத்து ஒப்பிட்டால் அது வேறு மாஸ்டரிங்காக (வெளியிடும்முன் ஒலியைச் சீரமைக்கும் கடைசி வேலை) இருக்கலாம்.

#4 நாடாச்சுருள்

> இதில் என் பதிலோ உங்கள் பதிலோ செல்லாது, குருட்டுச் சோதனை ஒன்றுதான் செல்லும்.

நியாயம். நேற்று இரவு செய்தேன். மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் 16 தடவை, ஃப்ளாக்கிலிருந்து நானே மாற்றிய எம்பி3.

'டைம்' தொடக்கத்தில் கடிகாரங்கள் அடிக்கும் இடம், 128 கேபிபிஎஸ்: 15 சரி. மணிகளின் உலோக விளிம்பு மழுங்கி, ஈரத்துணி போர்த்திய மாதிரி இருந்தது. யோசிக்கவே தேவைப்படவில்லை.

அதே இடம், 320 கேபிபிஎஸ்: 9 சரி.

'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' தொடக்கம், 320: 7 சரி.

'தி ஃபைனல் கட்' (1983) ஆல்பத்தில் ஏவுகணை பறந்து வந்து வெடிக்கும் இடம், 320: 10 சரி. இந்த ஆல்பத்தின் ஓசைகளுக்கு ஹோலோஃபோனிக்ஸ் என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். ஹெட்ஃபோனில் தலையைச் சுற்றி ஓசை நகர்வதுபோல இருக்கும். அந்த நகர்வில் எம்பி3 தடுமாறும் என்று உறுதியாக நம்பினேன். 10-தான் வந்தது.

ஆக, 320-ஐ ஃப்ளாக்கிலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் காதுக்கு இதுதான் விடை, அதை இங்கே மறைக்க மாட்டேன். இருந்தாலும் ஃப்ளாக்கிலேயே வைத்துக்கொள்வேன். நாளைக்கு வேறு எந்த வடிவம் வந்தாலும் சேதாரமில்லாமல் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். எம்பி3-யிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரையும்.

#5 மூன்றாம்வரிசை

ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. இந்த விஷயத்தில் இப்படி எண்ணிக்கையோடு எழுதுபவர்கள் குறைவு.

#6 கருந்தட்டு

எல்லோரும் கோப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கோப்புக்குள் என்ன ஊற்றப்பட்டிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். பாத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பால் தண்ணீராக இருந்தால் தண்ணீர்தானே.

'டார்க் சைட்' ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஜப்பானில் அச்சான முதல் சிடி ஒரு ஒலி. தொண்ணூறுகளில் டக் சாக்ஸ் செய்த ரீமாஸ்டர் இன்னொன்று. 2003-இல் 30-ஆவது ஆண்டுக்கு எஸ்ஏசிடி (உயர்தர ஒலித் தட்டு) வந்தது, ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியின் 5.1 சுற்றொலி மிக்ஸோடு. 2011-இல் எல்லா ஆல்பங்களுக்கும் மறுபடி ரீமாஸ்டர். 2023-இல் 50-ஆவது ஆண்டுக்கு இன்னொன்று. இத்தனையும் 'லாஸ்லெஸ்' என்ற ஒரே பெயரில்தான் கிடைக்கும். இவற்றுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைக் கேட்க ஏபிஎக்ஸ் வேண்டாம், அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடலாம்.

அந்த 2003 தட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது இரட்டை அடுக்குத் தட்டு. சாதாரண சிடி பிளேயருக்கான அடுக்கு, எஸ்ஏசிடி ஸ்டீரியோ அடுக்கைவிட மெல்லிய, உரத்த ஓசைகளின் வித்தியாசத்தை அதிகமாக அமுக்கி, சத்தம் கூட்டி மாஸ்டர் செய்யப்பட்டிருந்தது. இரண்டு அடுக்கையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள் பலர், எஸ்ஏசிடி என்ற வடிவமே உயர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் ஒப்பிட்டது இரண்டு வடிவங்களை அல்ல, இரண்டு மாஸ்டரிங்கை.

நாடாச்சுருள், நீங்கள் எதை எடுத்தீர்கள்? தொண்ணூறுகளின் சிடியா, 2011-ஆ?

#7 நாடாச்சுருள்

'டார்க் சைட்', 'விஷ் யூ வேர் ஹியர்', 'அனிமல்ஸ்' மூன்றும் தொண்ணூறுகளின் சிடி. மற்றவை பெரும்பாலும் 2011.

தொண்ணூறுகளின் 'டார்க் சைட்' சிடி வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். 'எக்லிப்ஸ்' முடிந்தபின் இதயத்துடிப்பு தேய்ந்துகொண்டே போகும். அப்போது வால்யூமை நன்றாக ஏற்றினால், வெகு தூரத்தில் பீட்டில்ஸின் 'டிக்கெட் டு ரைட்' பாட்டு வாத்திய இசையாக ஓடுவது கேட்கும். நாடாவிலிருந்து எப்படியோ கசிந்து வந்தது. முதல் தடவை கேட்டபோது பக்கத்து வீட்டில் ஏதோ ஓடுகிறது என்று ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தேன்.

(அடுத்த பாட்டு திடீரென்று தொடங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வால்யூமில் காது போய்விடும்.)

#8 புதுக்காது

வணக்கம், நான் புதியவன். போன வருடம்தான் 'டார்க் சைட்' கேட்டேன், அதிலிருந்து வெளியே வரவே முடியவில்லை. சில கேள்விகள், அடிப்படையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலியில் லாஸ்லெஸ் என்று போட்டிருக்கிறது, நான் கேட்பது ப்ளூடூத் ஹெட்ஃபோனில். அது லாஸ்லெஸ்தானா?

சிடியை ஃப்ளாக்காக மாற்றும்போது 0 முதல் 8 வரை லெவல் கேட்கிறது. 8 வைத்தால் தரம் கூடுமா?

அப்புறம், ஒரு ஆல்பத்துக்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

#9 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்விகள், தயங்காமல் கேளுங்கள்.

ப்ளூடூத்: பெரும்பாலும் இல்லை. செயலியிலிருந்து லாஸ்லெஸாக வந்தாலும், காற்றில் போகும்போது எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்று ஏதாவது ஒன்றில் மறுபடி சுருக்கப்படுகிறது. எல்டாக் அதிகபட்சம் 990 கேபிபிஎஸ் வரை போகும். சிடியின் ஓட்டம் 1411. ப்ளூடூத்தில் இழப்பில்லாமல் அனுப்பும் ஆப்டிஎக்ஸ் லாஸ்லெஸ் என்று ஒன்று வந்திருக்கிறது, ஆனால் போன், ஹெட்ஃபோன் இரண்டும் அதை ஆதரிக்க வேண்டும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம், நாடாச்சுருளின் எண்களைப் பார்த்தீர்கள் அல்லவா. லாஸ்லெஸையே கேட்டாக வேண்டும் என்றால் ஒயர் ஹெட்ஃபோன் போடுங்கள், அவ்வளவுதான்.

லெவல்: 0-க்கும் 8-க்கும் ஒலியில் ஒரு துளிகூட வித்தியாசம் கிடையாது. சுருக்க எடுக்கும் நேரமும் கோப்பின் அளவும்தான் மாறும். துணியை மடிக்கிற மாதிரி. எவ்வளவு இறுக்கி மடித்தாலும் விரித்தால் அதே துணி. ஃப்ளாக் கோப்பு தன் தலைப்பகுதியிலேயே மூல ஒலியின் எம்டி5 கையொப்பத்தை (ஒரு சரிபார்ப்பு எண்) வைத்திருக்கிறது. அதனால் பல வருடம் கழித்தும் கோப்பு கெடவில்லை என்று சோதித்துக்கொள்ளலாம்.

இடம்: சிடி ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. 'டார்க் சைட்' 43 நிமிடம், ஆக 455 எம்பி. ஃப்ளாக் அதைப் பாதி, அல்லது பாதிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவரும். 320 எம்பி3 என்றால் 103 எம்பி. 15 ஆல்பங்களும் சேர்ந்தாலும் இன்றைய மெமரி கார்டில் ஒரு மூலைக்குக் காணாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளேயரில் ரீப்ளேகெயின் (சத்தத்தைச் சமன் செய்யும் வசதி) வைத்திருந்தால் 'ஆல்பம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'ட்ராக்' வேண்டாம். ட்ராக் என்று வைத்தால் ஒவ்வொரு பாட்டையும் தனியாக ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும். மெதுவான பாட்டிலிருந்து உரத்த பாட்டுக்குப் போகும் ஒட்டில் வால்யூம் படிக்கட்டு மாதிரி குதிக்கும். இடைவெளி போனபின்னும் ஒட்டு தெரிகிறதே என்று குழம்புபவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். கிராஸ்ஃபேடு (ஒரு பாட்டு தேயும்போதே அடுத்ததை ஏற்றும் வசதி) இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அதை இசைக்குழுவே செய்து வைத்திருக்கிறது.

#10 மழைக்குருவி

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

இரண்டு வருடம் முன்பு ஓர் இணையக் கடையில் ஒரு ராக் ஆல்பத்தை லாஸ்லெஸ் என்று காசு கொடுத்து வாங்கினேன். கோப்பு ஃப்ளாக்தான், அளவும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் சிம்பல் ஒலி என்னவோபோல, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அலைவரிசைகளைக் காட்டும் படம்) போட்டுப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இல்லை, கத்தியால் அறுத்த மாதிரி ஒரு நேர்கோடு, பாட்டு முழுக்க. 128 எம்பி3-யை எடுத்து ஃப்ளாக் என்ற உறையில் போட்டு விற்றிருக்கிறார்கள். படத்தோடு எழுதினேன், பணத்தைத் திருப்பினார்கள். ஆனால் அந்தக் கோப்பு அதற்குப் பிறகும் பல வாரம் விற்பனையில் இருந்தது, அதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை.

அன்றிலிருந்து வாங்கினாலும் சரி, நண்பர்கள் கொடுத்தாலும் சரி, முதல் வேலையாக ஸ்பெக்ட்ரோகிராம். பழைய நாடாப் பதிவுகளில் உச்ச அலைவரிசைகள் இயல்பாகவே மெலிந்து தேயும். அது மலைச்சரிவு மாதிரி இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மதில் மாதிரி செங்குத்தாக நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் (சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) என்று வாங்கியதில் 22 கிலோஹெர்ட்ஸில் மதில் நின்றால், சிடியை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

#11 நாடாச்சுருள்

மழைக்குருவி சொன்னதால்தான் சிடியிலிருந்து நாமே எடுப்பது நல்லது என்கிறேன். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் எடுத்தால் ஆக்யுரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, அதே தட்டை எடுத்த மற்றவர்களின் சரிபார்ப்பு எண்ணும் நம் எண்ணும் ஒன்றா என்று சொல்லிவிடும். என்னுடைய 'மெடில்' தட்டில் ஒரு கீறல். 'எக்கோஸ்' பாட்டின் கடைசிப் பகுதியில் எண் ஒத்துவரவேயில்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, வேறு ட்ரைவில் போட்டு மூன்றாவது தடவைதான் ஒத்துவந்தது. அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

#12 மூன்றாம்வரிசை

24 பிட் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். 24/96, 24/192 எல்லாம் வாங்கலாமா?

#13 கணக்குப்பிள்ளை

44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும். மனிதக் காது இளமையில் 20 வரை, வயதாக ஆக அதற்கும் கீழே. 16 பிட் தருவது சுமார் 96 டெசிபல் வீச்சு. 1973-இல் ஓடிய நாடாவின் இரைச்சலே அந்தத் தளத்துக்கு வெகு மேலே இருக்கிறது. அப்படியிருக்க 24 பிட்டில் நாம் கூடுதலாகச் சேமிப்பது பெரும்பாலும் நாடாவின் இரைச்சலைத்தான், இன்னும் துல்லியமாக. பதிவு செய்பவருக்கும் மிக்ஸ் செய்பவருக்கும் 24 பிட் அவசியம், கேட்பவருக்கு இல்லை என்பது என் கருத்து.

ஆய்வுகளும் உண்டு. 2007-இல் மேயரும் மோரனும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வெளியிட்டது: உயர்தர ஒலியை நடுவில் சிடி தரத்துக்கு இறக்கிக் கேட்க வைத்தார்கள், 554 முயற்சிகள், சரியான விடை ஏறக்குறைய பாதி. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். 2016-இல் அதே இதழில் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52.3 சதவீதம் வந்தது. சிறியது, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது. பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல்.

#14 கருந்தட்டு

கணக்குப்பிள்ளை, இந்த ஒரு இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

24 பிட் கோப்பை நான் வாங்குவது பிட்டுக்காக இல்லை. பல சமயம் அமுக்காத நல்ல மாஸ்டரிங் அந்தப் பதிப்பில் மட்டும்தான் வருகிறது. 'அனிமல்ஸ்' (1977) எனக்கு எப்போதும் இருட்டறையில் வாசித்த மாதிரி கேட்கும். லண்டனில் அவர்களுடைய சொந்த பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில் பதிவானது. 2018-இல் கத்ரி அதை மறுபடி மிக்ஸ் செய்தார், அது 2022-இல்தான் வெளிவந்தது. அதில் 'டாக்ஸ்' பாட்டின் டிரம்ஸைக் கேளுங்கள். சன்னலைத் திறந்துவிட்ட மாதிரி. பிட்டா, மிக்ஸா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, எனக்கு அந்த டிரம்ஸ் வேண்டும்.

#15 கணக்குப்பிள்ளை

அந்த மிக்ஸ் நன்றாக இருக்கிறது என்பதில் சண்டையே இல்லை. அதை 16/44.1-க்கு இறக்கினாலும் அதே டிரம்ஸ்தான் கேட்கும் என்பது மட்டும்தான் நான் சொல்வது. நல்ல மாஸ்டரிங் எந்த வடிவத்தில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள், அதில் நாம் இருவரும் ஒரே கட்சி.

#16 மழைக்குருவி

ரீமிக்ஸ் என்றால் எனக்கு 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' (1987) நினைவுக்கு வருகிறது. 2019-இல் அதைப் புதுப்பித்தபோது குழுவின் டிரம்மர் நிக் மேசன் டிரம்ஸைப் புதிதாக வாசித்தார், கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் வாசித்தவற்றைத் தேடியெடுத்துச் சேர்த்தார்கள். ரைட் 2008-இலேயே இறந்துவிட்டார். முதல் வெளியீட்டில் அவருக்கு ஓரத்து இடம்தான் இருந்தது. புதிய பதிப்பில் அவர் கை படும் இடங்களைக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1987-இல் வெளிவந்தது அதுதான், எண்பதுகளின் அந்த எதிரொலி டிரம்ஸோடு. இரண்டையும் வைத்திருங்கள்.

#17 நாடாச்சுருள்

ஆமாம், இரண்டும் வேண்டும். முதல் ஆல்பத்துக்கும் அதுவே பொருந்தும். 'பைப்பர்' 1967-இல் மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு தனி மிக்ஸாக வந்தது. பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளராக இருந்த நார்மன் ஸ்மித் தயாரிப்பு, அபே ரோட்டில், நான்கு தடக் கருவியில் பதிவு. 2007-இன் 40-ஆவது ஆண்டுப் பதிப்பில் இரண்டு மிக்ஸும் இருக்கின்றன. 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' ஸ்டீரியோவில் முடியும் இடத்தில் மொத்த இசையும் இடமும் வலமுமாக வீசப்படும், ஹெட்ஃபோனில் தலை சுற்றும். மோனோவில் அது கிடையாது. ஒரே திசையில் நெஞ்சில் இடித்துக்கொண்டு வரும். நான் மோனோ பக்கம்.

'உம்மாகும்மா' (1969) பற்றி அதிகம் எழுதவில்லை, பாதி மேடைப் பதிவு. ஸ்டூடியோ பாதியில் நால்வரும் ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக்கொண்டார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. 'மோர்', 'ஆப்ஸ்கியூர்ட் பை கிளவுட்ஸ்' இரண்டும் திரைப்படத்துக்குச் செய்தவை. பின்னது நான் நினைத்ததைவிட நல்ல ஆல்பம்.

#18 கருந்தட்டு

லாஸ்லெஸால் கொண்டுவரவே முடியாத ஒன்று உண்டு. 'ஆட்டம் ஹார்ட் மதர்' (1970) கடைசியில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும். முதல் இசைத்தட்டில் அந்த ஓசை கடைசி வட்டப் பள்ளத்துக்குள் பதிந்திருந்தது, ஊசியை எடுக்கும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். சிடியில் சில சொட்டோடு முடிந்துவிடுகிறது.

அதேபோல 'அனிமல்ஸ்' எட்டுத் தடக் கார்ட்ரிட்ஜ் என்ற பழைய நாடாப் பெட்டியில் வந்தபோது, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள 'பிக்ஸ் ஆன் தி விங்' இரண்டு பகுதிகளையும் ஸ்னோயி ஒயிட்டின் கிட்டார் தனி இசையால் இணைத்தார்கள். அந்த நாடா சுற்றிக்கொண்டே இருக்கும் ஆதலால், முடிவும் தொடக்கமும் அடுத்தடுத்து வரும். நாடாச்சுருள் சொன்ன ஒட்டு விஷயம்தான். ஊடகத்துக்கு ஏற்ப ஒட்டையே மாற்றியிருக்கிறார்கள்.

#19 புதுக்காது

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். ஒயர் ஹெட்ஃபோன், கிராஸ்ஃபேடு அணைத்து, ரீப்ளேகெயின் ஆல்பத்தில். நேற்று இரவு 'விஷ் யூ வேர் ஹியர்' முழுதாக.

ஒன்று கேட்கிறேன். ரேடியோ இடத்தில் முதல் கிட்டார் ஏன் அவ்வளவு மெலிவாக இருக்கிறது? கோப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறுத்தி மறுபடி எடுத்தேன். அப்புறம் அந்த இடத்தில் யாரோ இருமுகிறார்கள். அதுவும் பதிவில் உள்ளதா?

#20 நாடாச்சுருள்

கோளாறு இல்லை! அது ரேடியோவில் ஓடும் பாட்டு, அதைக் கேட்டு அறையில் இருக்கும் ஒருவர் கூடவே வாசிக்கிறார். அதனால் முதல் கிட்டாரை வேண்டுமென்றே தகரம்போல ஆக்கியிருக்கிறார்கள். எந்த லாஸ்லெஸிலும் அது தெளிவாகாது, ஆகவும் கூடாது. இருமல் பதிவில் உள்ளதுதான், மூச்சு இழுக்கும் ஓசையும் இருக்கிறது. இரண்டாவது கிட்டார் வரும்போது அந்த ஆள் உங்கள் அறைக்குள் இருக்கிறார் என்று தோன்றியதா?

#21 புதுக்காது

தோன்றியது. திரும்பிப் பார்த்தேன், உண்மையாகவே.

இன்று 'மெடில்' கேட்கப் போகிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமா?

#22 நாடாச்சுருள்

'எக்கோஸ்' இருபத்து மூன்றரை நிமிடம், ஒரே ட்ராக். முதலில் தனித்தனியாக விழும் அந்த 'பிங்' ஓசை, ரைட்டின் பியானோ சுரத்தை லெஸ்லி என்ற சுழல் ஸ்பீக்கர் வழியாக அனுப்பியது. மிக மெல்லியதாக இருக்கிறதே என்று அங்கே வால்யூமை ஏற்றிவிடாதீர்கள். நடுவில் எல்லாம் அடங்கி, காற்றும் அலறலுமாக ஒரு நீண்ட இடம் வரும். அதிலிருந்து மறுபடி அந்தப் பிங் எழும். அதுவரை ஹெட்ஃபோனைக் கழற்ற வேண்டாம். கேட்டுவிட்டு நாளை எழுதுங்கள்.